கருவாட்டு வண்டும் விஷப் புட்டியும்

ஒரு மூட்டை மீன். ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் லாரிப் பயணம். வந்து சேர்ந்த ஊரில் மூட்டையை அவிழ்க்கிறார் வியாபாரி. மேலே நாலு மீன் முழுசாக இருக்கிறது. கையை உள்ளே விட்டால் தூள்! எலும்பும் தோலும் தனித்தனியே கிடக்கின்றன. தூளுக்குள் ஏதோ நெளிகிறது.

வழியில் யாரும் மூட்டையைத் தொடவில்லை. திருடன் மூட்டைக்கு உள்ளேயே ஏறி உட்கார்ந்து, தின்றுகொண்டே வந்திருக்கிறான். அவன் ஒரு சென்டி மீட்டர் நீளம்கூட இல்லாத கறுப்பு வண்டு!

இது ஆப்பிரிக்காவில், நைஜீரியா நாட்டு மீன் வியாபாரிகள் காலம் காலமாகப் பார்த்துவரும் காட்சி. மூட்டைக்குள் வண்டு இருப்பது பெரிய ஆபத்து அல்ல. அந்த வண்டைக் கொல்ல மனிதன் கையில் எடுத்த புட்டிதான் பெரிய ஆபத்து. இன்று அந்த நாடுகளில் நடக்கும் சண்டையே இதுதான். ஒரு பக்கம் வண்டு. மறு பக்கம் விஷம். நடுவில் மீன் வாங்கித் தின்னும் ஏழை.

நாலு நாட்டு ஏரி

நைஜீரியா, நைஜர், சாடு, காமரூன் ஆகிய நாலு நாடுகளும் சந்திக்கும் இடத்தில் சாடு ஏரி இருக்கிறது. கடல் போல் பரந்து கிடந்த ஏரி. 1963-ல் அதன் பரப்பு சுமார் 25 ஆயிரம் சதுர கிலோ மீட்டர். இருபது ஆண்டு கழித்து மழை பொய்த்து, பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிப் போயிற்று. சுருங்கிய ஏரியிலும் மீன் இருக்கிறது. கெளுத்தி உண்டு, ஜிலேபிக் கெண்டை உண்டு. (நம் ஊர்க் குளங்களுக்குக் கள்ளத்தனமாக வந்து, "வளர்க்கக் கூடாது" என்று தடை போடப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியின் சொந்தக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.)

மீன் கிடைக்கும் இடம் வடக்கே, பாலைவன ஓரம். மீனைத் தின்னும் கூட்டம் தெற்கே. இடையில் ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் சாலை. ஐஸ் கிடையாது. வெயிலோ நெருப்பு. காலையில் பிடித்த மீன் மாலைக்குள் நாறிவிடும்.

அதனால் கரையிலேயே மீனைத் துண்டு போட்டு, புல்லும் விறகும் எரித்து, புகையில் வாட்டிக் காய வைக்கிறார்கள். கறுத்து, காய்ந்து, கட்டை போல் ஆகிவிடும். இதற்கு ஹௌசா மொழியில் "பண்டா" என்று பெயர். பச்சை மீனில் முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீர் போனால் எடை குறையும். லாரி வாடகையும் குறையும். குழம்பில் ஒரு துண்டு போட்டால் வீடே மணக்கும். ஆட்டுக் கறி வாங்க முடியாத வீட்டில் இந்தத் துண்டுதான் கறி.

இந்த வியாபாரம் சமீப காலத்தில் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. 2009-க்குப் பிறகு அந்தப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் ஓயவில்லை. 2015 ஜனவரியில், ஏரிக் கரையில் மீன் சந்தைக்குப் பேர் போன பாகா என்ற ஊரே தாக்கப்பட்டது. அந்தக் கலகத்தில் மீன் வியாபாரத்துக்கே தடை போடப்பட்ட காலமும் உண்டு. இத்தனையும் தாண்டி வரும் மீனைத்தான் வண்டு தின்கிறது!

முதலில் ஈ, பிறகு வண்டு

மீனைத் தின்னும் பூச்சிகள் முறை போட்டுக்கொண்டு வருகின்றன. முதல் பந்தி ஈக்களுக்கு. மீன் ஈரமாக இருக்கும்போது செவுளிலும் வயிற்றிலும் முட்டை இட்டுவிட்டுப் போகும். ஓரிரு நாளில் புழு நெளியும். மழைக் காலத்தில், மீன் காய நாளாகும்போது, ஈக்களுக்குக் கொண்டாட்டம். மீன் காய்ந்துவிட்டால் ஈப் புழுவுக்கு அங்கே வேலை இல்லை.

ஈ எழுந்த பந்தியில் வண்டு உட்காருகிறது. மீன் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அதற்குப் பசி எடுக்கும். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. நம் நாட்டிலும் கருவாட்டுக் கடைக்காரர்களுக்கு இதை நன்றாகத் தெரியும். பதனிடாத ஆட்டுத் தோல், மாட்டுத் தோலையும் அரிப்பதால் ஆங்கிலத்தில் இதற்குத் "தோல் வண்டு" என்றே பெயர்.

பெண் வண்டு வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் முட்டை இடும். அங்குள்ள வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் முட்டை பொரிந்துவிடும். வெளியே வருவது உடம்பெல்லாம் ரோமம் முளைத்த பழுப்புப் புழு. மீனைத் தின்பதில் வண்டை விடப் புழுதான் சூரன். தோலுக்கு அடியில் சதையைக் குடைந்துகொண்டே போகும். வளர வளரச் சட்டையை உரித்துப் போடும். மீனுக்குள் காணப்படும் மயிர் போன்ற குப்பை, அது உரித்துப் போட்ட சட்டைதான். முட்டை வண்டாக ஐந்து ஆறு வாரம் போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெண் வண்டின் பிள்ளைகளில் இருநூறு தப்பிப் பிழைப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் பாதி பெண். அந்த நூறும் தலைக்கு இருநூறு பெற்றால், மூன்று மாதத்துக்குள் 20 ஆயிரம்! ஒரு ஜோடி வண்டு உள்ளே போன மூட்டையை மூன்று மாதம் கழித்து அவிழ்த்தால் தூள் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொரு கெட்ட குணமும் உண்டு. கூட்டுப்புழுவாக மாறும் நேரம் வந்ததும் புழு மீனை விட்டு வெளியேறும். பாதுகாப்பான பொந்து தேடும். பொந்து கிடைக்காவிட்டால் மரத்தைத் துளைக்கும். கிடங்கின் தூண், பலகை, தட்டு எல்லாவற்றிலும் ஓட்டை போடும். மீனை எல்லாம் விற்றுவிட்டுக் கிடங்கைப் பெருக்கி வைத்தாலும் சுவரிலும் மரத்திலும் அது உட்கார்ந்திருக்கும். புதுச் சரக்கு வந்ததும் இறங்கும்.

இதே வண்டுக்கு மரியாதை கொடுக்கும் இடமும் ஒன்று இருக்கிறது. மேல் நாட்டுப் பொருட்காட்சி சாலைகளில் இதைப் பெட்டி கட்டி வளர்க்கிறார்கள்! இறந்த மிருகத்தின் எலும்புக் கூட்டைக் காட்சிக்கு வைக்க வேண்டுமானால், எலும்பு உடையாமல் சதையை எடுக்க வேண்டும். எந்தக் கத்தியும் அந்த வேலையை இந்த வண்டைப் போல் செய்யாது. பெட்டிக்குள் போட்டால் எலும்பை வெள்ளையாகத் துடைத்துக் கொடுத்துவிடும். பொருட்காட்சி சாலையில் சம்பளம் இல்லாத ஊழியன். மீன் கிடங்கில் கொள்ளைக்காரன்.

உயிர் காத்த வண்டின் உறவு

இரண்டாவது திருடன் ஒருவன் உண்டு. நீலமும் பச்சையும் கலந்து மின்னும் முதுகு. கால் மட்டும் சிவப்பு. தேங்காய்க் கொப்பரையிலும் இது விழும். அதனால் "கொப்பரை வண்டு" என்றும் சொல்வார்கள். மீனையும் தின்னும், மீனில் இருக்கும் ஈப் புழுவையும், கறுப்பு வண்டின் புழுவையும்கூடத் தின்னும். திருடன் வீட்டில் திருடும் திருடன்!

இதன் உடன்பிறப்பு ஜாதி ஒன்று, ஒரு மனிதனின் தலையைக் காப்பாற்றியிருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக் காலம். 1793-ல் லத்ரேய் என்ற பாதிரியாரைப் பிடித்து போர்தோ நகரச் சிறையில் போட்டார்கள். சிறையில் இருந்தவர்களுக்குச் சாவு காத்திருந்தது. கைதிகளைப் பார்க்க ஒரு டாக்டர் வந்தார். பாதிரியாரோ தரையில் ஊர்ந்த ஒரு வண்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது அபூர்வமான வண்டு" என்று விளக்கம் வேறு சொன்னார். டாக்டர் அதைப் பூச்சிகளில் ஆசை கொண்ட ஒரு 15 வயதுப் பையனிடம் அனுப்பினார். பையன் லத்ரேயின் பெயரைக் கேள்விப்பட்டிருந்தான். ஓடியாடி முயற்சி செய்து அவருக்கு விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டான். லத்ரேய் பின்னாளில் உலகம் மெச்சும் பூச்சி நிபுணர் ஆனார்.

அந்த அதிர்ஷ்டம் மீன் வியாபாரிக்கு இல்லை.

நஷ்டம் யார் தலையில்?

வண்டு தின்பதால் எடை குறைகிறது. அது ஒரு நஷ்டம். ஆனால் வண்டு தின்ற எடையை விட, அது குடைந்த மீன் உடைந்து போவதால் வரும் நஷ்டம் பெரிது. உள்ளே கூடு விழுந்த மீன் லாரியில் குலுங்கும்போது நொறுங்கிவிடும். முழு மீனுக்கு ஒரு விலை. உடைசலுக்கு வேறு விலை. தூளுக்கு விலையே இல்லை.

இந்த நஷ்டம் எல்லோருக்கும் சமமாக விழுவது இல்லை. மொத்த வியாபாரி வாங்கும்போதே, "வண்டு தின்னப் போகிறதே!" என்று கணக்குப் பண்ணி விலையைக் குறைத்துக் கேட்கிறார். ஏரிக் கரையில் உள்ளவருக்கு வேறு வழி இல்லை. கொடுத்துவிடுகிறார். ஊரில் விற்கும்போது, "பாதி தூளாய்ப் போய்விட்டது" என்று விலையை ஏற்றிச் சொல்கிறார்கள். வாங்கும் குடும்பத்துக்கும் வேறு வழி இல்லை. வண்டு தின்ற மீனுக்குப் பிடித்தவர் ஒரு முறை பணம் கொடுக்கிறார். தின்பவர் ஒரு முறை பணம் கொடுக்கிறார்.

கானா நாட்டுக் கடற்கரையில் இந்தப் பாரத்தைச் சுமப்பவர்கள் பெண்கள். அங்கே ஆண்கள் மீன் பிடிப்பார்கள்; புகை போட்டு விற்பது பெண்களின் தொழில். ஜூலை முதல் செப்டம்பர் வரை சாளை மீன் அள்ளிக் கொட்டும். அப்போது விலை சரிந்து கிடக்கும். அந்த மீனை வாங்கிப் புகை போட்டு, மாதக் கணக்கில் வைத்திருந்து, மீன் வராத காலத்தில் விற்றால்தான் கையில் நாலு காசு நிற்கும். பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம், வீட்டு வாடகை, அடுத்த பருவத்து முதல் எல்லாம் அந்தக் கிடங்கில் இருக்கின்றன. வண்டு அங்கே மீனை மட்டும் தின்பது இல்லை!

இதனால் மாதம் தவறாமல் மீனை மறுபடி அடுப்பில் ஏற்றிச் சூடு காட்டுகிறார்கள். வண்டு ஓடும், புழு சாகும். நல்ல வழிதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் விறகு. ஒவ்வொரு தடவையும் கண்ணில் புகை, நெஞ்சில் புகை. விறகு விலை ஏறினால் சூடு காட்டும் நாள் தள்ளிப் போகும். அந்த இடைவெளி வண்டுக்குப் போதும்.

புட்டி வந்த கதை

அடுப்பு மூட்டச் சோம்பல் பட்டவருக்கும், விறகு வாங்க வழி இல்லாதவருக்கும் ஒரு குறுக்கு வழி கிடைத்தது. விஷம்.

மேற்கு ஆப்பிரிக்கா கோகோவுக்குப் பேர் போன இடம். கோகோவைத் தாக்கும் பூச்சியை ஒழிக்க "லிண்டேன்" என்ற மருந்தை விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். தோட்டத்துக்கு வந்த மருந்து தோட்டத்தோடு நின்றதா? ஆற்றில் ஊற்றி மீனை மயக்கிப் பிடித்தார்கள். காய்ந்த மீனிலும் போட்டார்கள். லிண்டேன் கொழுப்பில் கரையும். மீனில் கொழுப்பு உண்டு. தண்ணீரில் கழுவினால் போகாது. தின்றவர் உடம்பிலும் கொழுப்பில் போய்த் தங்கும். இந்த மருந்தை உலக நாடுகள் கூடி, விவசாயத்தில் ஒழிக்க வேண்டிய விஷங்களின் பட்டியலில் 2009-ல் சேர்த்தன.

லிண்டேன் போனது. அதன் இடத்துக்கு "டைக்குளோர்வாஸ்" வந்தது. கரப்பான் பூச்சிக்கும் கொசுவுக்கும் அடிக்கும் மருந்து. சின்னச் சின்னப் புட்டிகளில் சந்தை தோறும் கிடைத்தது. மீன் மூட்டைக்கும் பயறு மூட்டைக்கும் அதைத் தெளிக்கிறார்கள் என்று நைஜீரியாவில் பெரிய கூச்சல் எழுந்தது. தற்கொலைக்கும் அந்தப் புட்டி பயன்பட்டது. 2019-ல் அந்நாட்டு உணவு, மருந்துக் கண்காணிப்பு அதிகாரிகள் சின்னப் புட்டி விற்பனையை நிறுத்த உத்தரவு போட்டார்கள். நம் நாட்டிலும் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு இந்த மருந்துக்கு இடம் இல்லை.

வியாபாரிகள் தரப்பில் ஒரு வாதம் சொல்லப்படுகிறது. "இது ஆவியாகிவிடும் மருந்து. சில நாளில் பறந்துவிடும். பிறகு என்ன கெடுதல்?"

மருந்து ஆவியாகும் என்பது உண்மை. ஆனால் சில நாள் காத்திருந்து விற்கிறவர் யார்? இன்று காலை வண்டு தெரிந்தால் இன்று மாலை தெளிக்கிறார். நாளை காலை விற்கிறார். எத்தனை சொட்டு, எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கு கிடையாது. மூடியைத் திறந்து ஊற்ற வேண்டியது; கையால் பிசற வேண்டியது; அவ்வளவுதான். தெளித்தவரின் கையும் மூச்சும்கூட விஷத்தில்தான்.

அதோடு, செத்து விழுவது மேலே ஊரும் வண்டு. சதைக்குள் குடைந்து கிடக்கும் புழுவை மருந்து எட்டிப் பிடிப்பது இல்லை. பத்து நாளில் மறுபடி வண்டு, மறுபடி புட்டி! விஷத்துக்குத் தப்பிப் பிழைத்த வண்டின் வம்சம் விஷத்துக்கு அசையாத வம்சமாக மாறுவதும் உண்டு.

வண்டு விழுந்த மீன் அருவருப்பானது. சத்துக் குறைந்தது. உரிந்த சட்டையின் ரோமம் சிலருக்குத் தொண்டையை அரிக்கும். ஆனால் அது யாரையும் கொல்வது இல்லை. அதில் இன்னொரு வசதி, வண்டு கண்ணுக்குத் தெரியும். பொத்தல் விழுந்த மீனை வாங்கும் பெண் திருப்பிப் பார்த்து, உதறிப் பார்த்து, "வேண்டாம்" என்று சொல்லலாம். மருந்து தெளித்த மீன் பளபளவென்று இருக்கும்! புழு இல்லை, பொத்தல் இல்லை என்று நம்பி வாங்குவாள். வண்டு எடையில் ஏமாற்றுகிறது. புட்டியோ உயிரில் ஏமாற்றுகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது தவறு.

விஷத்தை நம்பிய வியாபாரம் கடைசியில் வியாபாரத்தையே கெடுக்கும் என்பதற்கும் நைஜீரியாவே சாட்சி. அங்கிருந்து வந்த காய்ந்த பயற்றில் டைக்குளோர்வாஸ் மிஞ்சி இருந்தது என்று ஐரோப்பிய நாடுகள் 2015-ல் அந்தப் பயற்றையே உள்ளே விட மறுத்தன. தடை பல ஆண்டு நீடித்தது. யாரோ சிலர் ஊற்றியதற்கு ஊர் முழுவதும் தண்டம்.

சோதனை போட்டால் தீருமா?

சந்தையில் அதிகாரிகள் திடீரென்று நுழைவதும், புட்டிகளைப் பறிமுதல் செய்வதும், பத்திரிகையில் படம் வருவதும் நல்லதுதான். ஆனால் பிடிபடுவது யார்? கூடை வைத்து விற்கும் கடைசிப் பெண். வண்டு அவள் கூடையில் பிறக்கவில்லை. ஏரிக் கரையில் அரைகுறையாகக் காய்ந்த மீனில், பழைய கோணிப் பையின் இழையில், லாரிக்காகக் காத்திருந்த கொட்டகையின் மரச் சட்டத்தில் பிறந்தது. மருந்து தெளிக்காவிட்டால் கூடை நஷ்டம், தெளித்தால் ஜெயில். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழியை அவளுக்குக் காட்டாத அரசாங்கம், அவள் புட்டியைப் பிடுங்குவதால் மட்டும் பெருமைப்பட முடியாது.

மூன்றாவது வழி உண்டா? உண்டு. அதற்கு விஞ்ஞானி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவேண்டியது இல்லை.

ஒன்று உப்பு. காய்ந்த மீனில் பத்தில் ஒரு பங்கு உப்பு ஏறிவிட்டால் கறுப்பு வண்டின் புழு சரியாக வளராது. தூத்துக்குடிக்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். உப்பு போடாமல் கருவாடு ஏது? ஆனால் சாடு ஏரிக் கரையில் உப்பு மலிவு இல்லை. தின்கிறவர்களுக்கும் உப்பு ஏறிய மீன் பிடிப்பது இல்லை. மேலும் மழைக் காலத்தில் உப்பு ஈரத்தை இழுக்கும். ஆகவே, "உப்பு போடு" என்று தூரத்தில் இருந்து உபதேசம் செய்வதில் பலன் குறைவு. உப்பு விரும்பும் ஊருக்கு உப்பு. மற்ற ஊருக்கு வேறு வழி.

அடுத்தது சூடு. 50 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் முட்டை, புழு, வண்டு எதுவும் நெடுநேரம் தாங்காது. அந்தச் சூட்டுக்கு எப்போதும் விறகு வேண்டும் என்பது இல்லை. வங்காள தேசத்தில் 1970-க்குப் பிந்திய ஆண்டுகளில் மூங்கில் சட்டத்தில் பிளாஸ்டிக் தாள் போர்த்திய கூடாரம் கட்டி, உள்ளே மீன் காய வைத்துப் பார்த்தார்கள். வெயில் உள்ளே போகும். சூடு வெளியே வராது. ஈப் புழுக்கள் மாண்டன. ஆப்பிரிக்க வெயிலுக்கு என்ன குறைச்சல்? விற்காத மீனை வாரம் ஒரு முறை அப்படி ஒரு கூடாரத்தில் வைத்து எடுக்கலாம். மழை மாதங்களில் இது பலிக்காது. அப்போது அடுப்புதான்.

தட்டுக்கு மேல் தட்டு

அடுப்பு என்றதும் கானா நாட்டுச் சோர்க்கோர் அடுப்பைச் சொல்லாமல் இருக்க முடியாது. சோர்க்கோர் என்பது தலைநகர் அக்ராவை ஒட்டிய மீனவர் குப்பம். முன்பு அங்கே வட்டமான மண் அடுப்பு, தகர டிரம் அடுப்பு. அடியில் இருக்கும் மீன் கருகும். மேலே இருக்கும் மீன் வேகாது. பெண்கள் நெருப்புக்குள் கையை விட்டு மீனைப் புரட்டிப் போடுவார்கள். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கானா உணவு ஆராய்ச்சி நிலையமும் ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனமும் அந்தப் பெண்களோடு சேர்ந்து உட்கார்ந்து புது அடுப்பு ஒன்றை அமைத்தார்கள். பெண்களோடு சேர்ந்து உட்கார்ந்ததுதான் அதில் முக்கியமான காரியம்.

நீள்சதுரமான மண் சுவர். முன்னால் இரண்டு வாய். மேலே மரச் சட்டத்தில் கம்பி வலை அடித்த தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்துப் பதினைந்து. தட்டு அடுக்கே புகைபோக்கி போல் வேலை செய்யும். சூடு எல்லா மீனுக்கும் போகும். மேல் தட்டைக் கீழேயும் கீழ்த் தட்டை மேலேயும் மாற்றினால் போதும்; நெருப்பில் கை விட வேண்டாம். விறகும் குறைவு. ஆப்பிரிக்காவில் பல நாடுகளுக்கு அந்த அடுப்பு பரவிற்று.

வண்டுக் கதைக்கு அதில் ஒரு விசேஷம் உண்டு. புகை போட்டு முடிந்த மீனைத் தட்டை விட்டு எடுக்கவேண்டியது இல்லை. அப்படியே அடுக்கி, மேலே மூடிவிட்டால் அடுப்பே கிடங்கு! வண்டு தலை காட்டினால் கீழே கொஞ்சம் நெருப்பு மூட்டினால் போதும். மூட்டை அவிழ்ப்பது, கொட்டுவது, அடுக்குவது, மறுபடி கட்டுவது என்ற வேலையில் பாதி மீன் உடைகிறதே, அது மிச்சம்.

புகையிலும் விஷம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. விறகுப் புகையின் தார் அதிகம் படிந்தால் புற்றுநோய்க்கு இடம் தரும் பொருள்கள் மீனில் சேரும். ஐரோப்பா 2014 செப்டம்பர் முதல் இதற்கான வரம்பை இறுக்கிவிட்டது. அதற்காக, செனகல் நாட்டுத் தியாராய் பயிற்சி நிலையம் ஐ.நா. ஸ்தாபனத்தோடு சேர்ந்து இன்னொரு அடுப்பை அமைத்தது. முதலில் கரியின் தணலில் மீனை வேக வைத்துக் காய வைக்கிறது. மணத்துக்கு மட்டும் கடைசியில் வடிகட்டிய புகை. நல்ல அடுப்பு. ஆனால் விலை? குப்பத்துப் பெண் தனியாக வாங்க முடியாது. சங்கமாகச் சேர்ந்தால்தான் முடியும். அதற்குக் கடன் கொடுக்க ஒரு பாங்கி வேண்டும்.

மருந்தே கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. பிரிமிபாஸ்-மீத்தைல் என்ற தானிய மருந்து காய்ந்த மீனில் எவ்வளவு மிஞ்சலாம் என்று சர்வதேச உணவுத் தரக் குழு வரம்பு வகுத்திருக்கிறது. அளவு தெரிந்தவர் கையில், பயிற்சி பெற்ற கிடங்கில் அது பயன்படலாம். அளவுக் குவளை இல்லாத சந்தையில் அதே மருந்து இன்னொரு புட்டிதான். கிடங்குச் சுவருக்கும் மரத்துக்கும் மருந்து அடியுங்கள். மீன் மேல் வேண்டாம் என்பதே அங்கே புத்திசாலித்தனம்.

கோணியைக் கொளுத்துங்கள்

எல்லாவற்றையும் விட மலிவான காரியம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் பெரிதாகப் பேசுவதே இல்லை. பழைய கோணி, பழைய அட்டைப் பெட்டி, பழைய பாய்! போன தடவை வண்டு வந்த அதே பையில்தான் இந்தத் தடவையும் புது மீன் போகிறது. எவ்வளவு நன்றாகக் காய வைத்த மீனாக இருந்தாலும், வண்டு குடியிருக்கும் பைக்குள் போட்டால் என்ன ஆகும்? பையைக் கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொளுத்த வேண்டும். பழைய மீனும் புது மீனும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. அறையின் வெடிப்பை மண்ணால் பூச வேண்டும். அரசாங்கம் மீன் சந்தைக்குச் செலவழிக்கும் முதல் பணம் நல்ல பைக்கும், தரை போட்ட கிடங்குக்கும், லாரி நாள் கணக்கில் காத்திருக்காத சாலைக்கும் போகட்டும். சோதனைப் படைக்கு அதன் பிறகு போகட்டும்.

இது ஆப்பிரிக்காவோடு போகிற விஷயம் அல்ல. மினிக்காய்த் தீவிலும் மாலத் தீவிலும் சூரையை வேக வைத்து, புகை போட்டு, காய வைத்து "மாசி" செய்கிறார்கள். 14-ம் நூற்றாண்டில் மாலத் தீவுக்கு வந்த யாத்திரிகர் இபுன் பதூதா, மீனை நாலாக வெட்டி, லேசாக வேக வைத்து, ஓலைக் கூடையில் புகைக்கு மேல் தொங்கவிடுவதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அந்த மாசி இலங்கையில் சம்பலுக்கும் நம் தென் மாவட்டங்களில் குழம்புக்கும் போகிறது. மரக்கட்டை போல் இறுகிக் கிடக்கும். அப்படியும் வண்டு அதை விடுவது இல்லை. நம் கடைகளில் பொத்தல் விழுந்த மாசியை வெயிலில் போட்டுத் தட்டி எடுக்கிறார்கள். அது சரியான வைத்தியம். கடைக்காரரின் அலமாரியில் கரப்பான் மருந்தும் மாசியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மட்டும் வாங்குபவர் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

வண்டு ஏற்கெனவே குடைந்துவிட்ட மூட்டையை என்ன செய்வது? வெயிலில் கொட்டி, புழு செத்தபின் சலித்து, முழு மீனைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். உடைசலும் தூளும் கோழித் தீவனத்துக்குப் போகலாம். மனிதன் தின்னும் விலை அதற்குக் கிடைக்காது. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: அந்தத் தூளில் மருந்து விழுந்திருக்கக் கூடாது. கோழி தின்றது முட்டையில் வரும்.